பச்சைத் தண்ணீர்

ராயபுரத்தில் குளிர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மார்கழி விடியலில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். எட்டு மணிக்கு வெயில் ஏறினால் அந்தத் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். ஊர் அறிந்த குளிர் அவ்வளவுதான். அந்த ஊரில்தான் கெங்கம்மாவின் விரல்கள் குளிரில் செத்துச் செத்துப் பிழைத்தன.

பட்டணத்தில் மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கல்மண்டபத்துக்கு மேற்கே ஒரு சந்தில் ராசையாவின் சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்பது பேருக்குத்தான். ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை, ஒரு கிணறு, காஸ் ஏற்றுகிற யந்திரம், கலர் சோடாவுக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்ச ஓர் அடுப்பு. ராசையா சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கடைகளிலிருந்து திரும்பி வரும் கோலி சோடாப் புட்டிகளைக் கழுவ நாலைந்து பெண்களை வைத்திருந்தார். வெற்றிலைக் கறை, செத்த ஈ, பீடித் துண்டு என்று எல்லாம் அந்தப் புட்டிகளுக்குள் இருக்கும். கெங்கம்மா கழுவினால் புட்டியை வெயிலில் தூக்கிப் பார்க்கவே வேண்டாம் என்பார் ராசையா. ஒன்பது வருஷமாக அவள்தான் அங்கே முதல் கை.

தொட்டிகளை முதல் நாள் மாலையே நிரப்பி வைத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்கக் கடல் காற்றில் திறந்து கிடந்த தண்ணீர் அது. விடிந்ததும் அதில் கையை விட்டால், மற்றப் பெண்கள் முதல் இரண்டு புட்டிக்கு "ஸ்ஸ்" என்பார்கள். பிறகு வாய் அதன் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், கை அதன் பாட்டுக்கு வேலை செய்யும். கெங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது, முப்பத்தோராவது வயது வரைக்கும்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஒருநாள் வலது கை மோதிர விரல் வெளுத்தது. நுனியிலிருந்து நடுக்கணு வரை, கோடு கிழித்ததுபோல, சுண்ணாம்பு வெள்ளை. அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். வேறு யாருடைய விரலையோ தட்டுவதுபோல இருந்தது. சற்று நேரத்தில் வெள்ளை போய் நாவற்பழ நிறம் வந்தது. பாகு அடுப்பருகே கொண்டுபோய்க் காட்டினாள். நீலம் மெல்லச் சிவப்பானது. மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்துக்கொண்டதுபோல எரிந்தது.

பக்கத்துத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்த அஜீசாதான் முதலில் பார்த்தவள்.

"இன்னாக்கா, வெரலுக்கு வெள்ளை அட்ச்சிகினியா?"

"தெர்ல அஜீசா. ஜில்லுனு பட்டா இப்டி ஆவுது."

"எனுக்கும்தான் ஜில்லுனு கீது. எனுக்கு ஆவலியே."

அடுத்த வாரம் இரண்டு விரல். தை பிறந்தபோது பத்தும். விடியலில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே காற்றுப் பட்டு வெளுக்கும். அவள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நடப்பாள். வெளுத்த விரலில் புட்டி நிற்காது. அவள் கையிலிருந்து அதுவரை ஒரு புட்டி நழுவி உடைந்ததில்லை. அந்தத் தையில் ஏழு உடைந்தன.

மறு வருஷம் வேறு விதமாக வந்தது. விரல்கள் வீங்கின. பிறகு வீக்கம் வடிந்தது. ஆனால் தோல் திரும்பவில்லை. யாரோ உள்ளேயிருந்து இழுத்துக் கட்டினதுபோல எலும்போடு ஒட்டிக்கொண்டது. புறங்கைத் தோலைக் கிள்ளி எடுக்க முடியாது. மடக்கினால் முஷ்டி சேராது. வாயும் சுருங்கியது. முன்னெல்லாம் கவளம் பெரிதாக உருட்டுகிறவள், சோற்றைக் குழையப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

கணவன் பக்தவச்சலம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குகிறவன். பேச்சு குறைந்த மனுஷன். அவர்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. ஒருநாள் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா கெங்கா, கோயி கொத்துற மாரி துன்னுறே?"

"வாய் தொறக்க மாட்டேங்குதுய்யா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போய், பட்டாளத்துக்காரன் எவனோ போட்டுக் கழித்த கம்பளி மேசோடு ஒரு ஜோடி வாங்கி வந்தான். காலில் போடுவதை அவள் கையில் போட்டுக்கொண்டாள். சந்தில் சிரித்தார்கள்.

முதலில் சிரித்தவள் எதிர்வீட்டுக் குப்பம்மா. கணவனை இழந்தவள், துறைமுகக் கூலிகளுக்குக் கூழ் விற்றுப் பிழைத்தாள். நல்லவள் கெட்டவள் என்று அவளைச் சொல்லிவிட முடியாது. மனதில் பட்டதை நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். கெங்கம்மாவின் முகத்தில் கோடு எல்லாம் மறைந்து வழவழவென்று ஆனபோது அவள்தான், "எல்லாருக்கும் வயசு ஏறுது, இவளுக்கு மட்டும் எறங்கிகினு கீது" என்றாள். பிறகு அதே கண்ணால் விரல் நுனியில் இருந்த புண்ணையும் பார்த்தாள்.

மிளகு அளவுப் புண்தான். ஆனால் ஆறவில்லை. ஒன்று மூடினால் பக்கத்து விரலில் ஒன்று வாய் திறந்தது. விரல் நுனிகள் தேய்ந்து கூம்பிப் போயின.

மாசி மாதம் ஒரு காலை, தெருக்குழாயில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கெங்கம்மாவின் முறை வந்தது. குழாயைத் திருகக் கை நீட்டினாள்.

"அதுல கை வெக்காதமே," என்றாள் குப்பம்மா.

"ஏன்?"

"ஏன்னு என்னியா கேக்கறே? கைய பாரு. மூஞ்ச பாரு. ஊருக்கே தெரியுது, உனுக்கு மட்டும் தெரியலியா? கொயந்த குட்டிங்க குடிக்கிற தண்ணி இது."

அந்த வியாதியின் பேரை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நின்றவர்கள் எல்லாரும் அரை அடி நகர்ந்துகொண்டார்கள். கெங்கம்மா வெறும் குடத்தோடு திரும்பினாள். வெயில் ஏறிவிட்டிருந்தது, காற்றே இல்லை. இருந்தும் குடத்தைப் பிடித்திருந்த விரல்கள் பத்தும் வெளுத்துக் கிடந்தன. குளிருக்கு மட்டும் அல்ல, அவமானத்துக்கும் அவை சாகும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மூன்று நாளில் பேச்சு சோடாக் கடைகளுக்குப் போய்விட்டது. ராசையா அவளைத் தனியே கூப்பிட்டார். மேஜை மேலிருந்த பென்சிலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"ஏம்மா கெங்கம்மா, கடைக்காரனுவ ஒரு மாதிரியாப் பேசுதானுவ. நான் சொல்லல, ஊரு சொல்லுது. குடிக்கிற சாமான் பாத்தியா."

"நானு வேலைக்கி வர வாணாமா மொதலாளி?"

"அப்படிச் சொல்லுவனா. பெரியாஸ்பத்திரில காட்டி, அது இல்லன்னு டாக்டர்ட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துரு. பொறவு எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

"ஆமான்னு எய்தினா?"

ராசையா பென்சிலைக் கீழே வைத்தார்.

பக்தவச்சலம் அன்று சாப்பிடவில்லை. கூட்ஸ் ஷெட்டிலும் யாரோ காதில் போட்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரி வாணாம்," என்றான். "பேர எய்தினுவான். அப்பால உன்ன செங்கல்பட்டாண்ட அந்த வியாதிக்காரங்க ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு பூடுவான். அங்க போனவங்க யாரு திரும்பி வந்தாங்க? சடையங்குப்பத்துல எங்க அக்கா வூடு கீது. கம்முனு அங்க போயி குந்திக்க. நானு வாராவாரம் வரேன்."

"எத்தினி நாளு?"

"ஆறுற வரிக்கும்."

"ஆறாட்டி?"

அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. அவள் அதன் பக்கத்தில் போய்க் கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒளிஞ்சிகினா அதுவே ஆமான்னு சொன்ன மாரிய்யா. நீ என் பக்கத்துல படுக்கறே, என் கையால துன்றே. உனுக்கு சந்தேகம் கீதா?"

அவன் அணைகிற கட்டையை உள்ளே தள்ளிவிட்டு, "கீது," என்றான். "ஆனா பயமில்ல."

அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில் இருவரும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள்; பதினொரு மணிக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் ஐம்பது வயதுக்காரர், மெலிந்தவர். பக்கத்தில் ஞானபாக்கியம் என்று ஒரு நர்ஸ். டாக்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்தார், முழங்கைக்குப் பின்னால் அழுத்திப் பார்த்தார், காது மடலைத் தடவினார். தொடத் தயங்காமல் தொட்டார். புண் வந்த பிறகு கணவனையும் அஜீசாவையும் தவிர யாரும் அவளைத் தொட்டதில்லை.

"கண்ணை மூடிக்கொள் அம்மா. நான் தொட்டால், எங்கே என்று சொல்."

ஞானபாக்கியம் ஒரு துணியை மடித்து அவள் கண்ணில் வைத்தாள்.

"நடு வெரலு," என்றாள் கெங்கம்மா.

"இப்போது?"

"மணிக்கட்டுல. பஞ்சு மாரி கீது."

"பஞ்சுதான். இப்போது?"

அவள் காத்திருந்தாள். பயமாக இருந்தது. எதுவும் தெரியவில்லை. தொட்டும்தான் தெரியவில்லையோ? பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

"தொடலியே சாமி," என்றாள் கடைசியில்.

"சரி. நான் தொடவில்லை."

அடுத்தது ஊசி. சுண்டுவிரல் நுனியில், புண்ணுக்குப் பக்கத்தில் பட்டது. அவள் கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். புறங்கையில், முழங்கையில், கன்னத்தில், பாதத்தில் என்று ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இடத்தைச் சொன்னாள். பிறகு ஒரு குவளையில் பானைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவள் கையை அதில் வைத்தார். துணியை எடுத்தபோது அவளுடைய நாலு விரல்கள் அவர் கண் முன்னால் வெளுத்துக்கொண்டிருந்தன. அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி அந்த விரல்கள் நீலமாவதையும் சிவப்பதையும் கவனித்தார்.

"உனக்கு அந்த வியாதி இல்லை," என்றார். "அதில் தோல் மரத்துப்போகும். உனக்கு எல்லாரையும்விட அதிகமாகவே வலிக்கிறது."

பக்தவச்சலம் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அப்ப இது இன்னா சாமி?" என்று அவள்தான் கேட்டாள்.

டாக்டர் இங்கிலீஷில் ஒரு பேரைச் சொன்னார். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார். "தோல் இறுகிக்கொண்டே போகிற நோய். ரத்தக்குழாயும் சுருங்குகிறது. குளிர் பட்டாலும் பயந்தாலும் விரலுக்கு ரத்தம் போகாது. பக்கத்திலிருப்பவருக்கு ஒட்டாது."

"மருந்து?"

"என்னிடம் இல்லை. பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே. கையை மட்டும் மூடினால் போதாது. மாரும் முதுகும் சூடாக இருந்தால்தான் கைக்குச் சூடு போகும். இன்னொன்று. இறுகின தோல் வேர்க்காது. கோடையில் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் மயக்கம் வரும். குளிரிலும் நிற்காதே, நெருப்பிலும் நிற்காதே."

"பட்டணத்துல கூலி வேல செய்றவங்க வேற எங்க சாமி நிக்கறது?" என்றாள்.

டாக்டர் தலையைக் குனிந்து சீட்டை எழுத ஆரம்பித்தார்.

மறுநாள் காலை கம்பெனிக் கொட்டகையில் ராசையா அந்தச் சீட்டைப் பிரித்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வண்டிக்காரர்கள், கழுவுகிற பெண்கள், பெட்டி எடுக்க வந்த இரண்டு கடைக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். அவர் உரக்கப் படித்துத் தமிழில் சொன்னார்.

"'இந்தப் பெண்ணுக்குத் தொழுநோய் கிடையாது. ஒட்டுகிற வியாதி எதுவும் கிடையாது.' கேட்டியளா? டாக்டர் கையெழுத்து."

அஜீசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராசையா கீழே இருந்ததையும் படித்தார். இந்தத் தடவை வாய்க்குள். பிறகு கெங்கம்மாவைப் பார்த்தார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

"தண்ணில கை வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே அம்மா."

"தெரியும் மொதலாளி. பாகு அடுப்புல வுடுங்க. அங்க தண்ணி இல்ல. சூடா கீது. எனுக்கு அதான் நல்லது."

நெருப்பைப் பற்றி டாக்டர் சொன்னதை அவள் சொல்லவில்லை. அது சீட்டில் இல்லை. பக்தவச்சலத்தையும் சொல்லக்கூடாதென்று கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ராசையா யோசித்தார். அடுப்பில் நின்ற கிழவர் சுயம்புவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. "சரி," என்றார்.

பங்குனி முடியும் வரைக்கும் அவள் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குச் சுகமாக இருந்தாள். சவுக்குக் கட்டை நின்று எரியும். பெரிய வெண்கல உருளியில் சர்க்கரை கரைந்து குமிழி விடும். நீளத் துடுப்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கிண்டுவாள். மடங்காத விரலுக்கும் அது போதுமாக இருந்தது. பாகின் பதத்தை மணத்தாலேயே சொல்லிவிடுவாள். இரண்டு புண் மூடின. நோய் வந்த பிறகு முதல் தடவையாக அவள் வீட்டில் சிரித்துப் பேசினாள்; பழைய பேச்சுக்காரி திரும்பி வந்துவிட்டாள் என்று பக்தவச்சலம் நினைத்தான்.

சீட்டைத் தெருக்குழாயடியில் மட்டும் யாரிடமும் காட்டவில்லை. குப்பம்மாவிடம் அதைக் காட்டலாம் என்றான் பக்தவச்சலம். கெங்கம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டாள். எல்லாரும் பிடித்துப் போன பிறகு, உச்சி வேளையில் போய்க் குழாயில் ஒழுகுவதைப் பிடித்துக்கொள்வாள்.

சித்திரை வந்தது. சோடாவுக்கு அதுதான் பருவம். உருளி ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஏறியது. கொட்டகை ஓடு கொதித்தது. மற்றவர்கள் வேர்வையில் குளித்தார்கள். கெங்கம்மாவின் நெற்றி மட்டும் காய்ந்த கல்போல இருந்தது. வேர்க்காமல் இருப்பதைப் பார்த்து அஜீசா பொறாமைப்பட்டாள். கெங்கம்மாவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியும். தலைக்குள் அடுப்பு எரிந்தது. இரண்டு தடவை கண் இருட்டியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவை தூண் இல்லை. உச்சி வேளை, தெருக்குழாயடி. குடத்தை வைத்துவிட்டுக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள்.

சந்தில் ஆள் இல்லை. ஆண்கள் துறைமுகத்தில், பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. கூழ்ப் பானையைக் கழுவி வாசலில் கவிழ்த்துக்கொண்டிருந்த குப்பம்மா ஒருத்திதான் பார்த்தாள். இரண்டு அடி ஓடி வந்தாள், நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். யாராவது வருவார்களா என்று "ஏய், யாரும்மா அது" என்று குரல் கொடுத்தாள். யாரும் வரவில்லை.

அவள் குனிந்து கெங்கம்மாவின் கழுத்தில் கை வைத்தாள். தோசைக்கல்போலச் சுட்டது. ஒரு துளி வேர்வை இல்லை.

அக்குளில் கை கொடுத்து நிழலுக்கு இழுத்துப் போனாள். வீட்டுக்குள்ளிருந்து குடிக்கிற பானையையே தூக்கி வந்து, தலையிலும் மாரிலும் மொண்டு மொண்டு ஊற்றினாள். சேலையை நனைத்து விசிறினாள். கெங்கம்மா கண் திறந்தாள். பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. பானைத் தண்ணீர் பட்ட கைகள் மணிக்கட்டு வரை வெளுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாயின.

"இன்னாமே இது," என்றாள் குப்பம்மா. "ஒடம்பு கொதிக்குது, கை பொணம் மாரி கீது. ஊத்தறதா, வுடறதா?"

"ஒடம்புக்கு ஊத்து," கெங்கம்மாவின் வாய் குழறியது. "கைக்கு வாணாம். கைய... சூடா..."

வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. குப்பம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கெங்கம்மாவின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு கைகளையும், புண்ணோடும் தேய்ந்த நுனியோடும், தன் ரவிக்கைக்குக் கீழே வயிற்றோடு வைத்து மூடிக்கொண்டாள். சில்லென்று பட்டதில் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. விடவில்லை. மற்றொரு கையால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

வெயில் சுவரைத் தாண்டும் வரைக்கும் அப்படியே இருந்தார்கள்.

"எரியுதா?" என்று கேட்டாள் ஒரு தடவை.

"எரியுது. அப்டின்னா ரத்தம் வருதுன்னு அர்த்தம்."

"டாக்டரு சீட்டு குட்த்தான்னு அஜீசா சொன்னா."

"குட்த்தாரு."

"எனுக்கு ஏன் காட்டல?"

"உனுக்குப் படிக்கத் தெரியாது. எனுக்கும் தெரியாது. காட்டி இன்னா?"

குப்பம்மா இன்னொரு தடவை தண்ணீரை மொண்டு அவள் தலையில் ஊற்றினாள். "எம் புருசனோட அண்ணன் அந்த வியாதில பூட்டான்," என்றாள். "வூட்டாண்டயே சேக்கல. நானு கஞ்சிய தூரமா வெச்சிட்டு ஓடி வந்துடுவேன். அந்தாளு என்னிய பாத்துகினே இருப்பான். அதான் உன்ன பாத்தா எனுக்கு ஆவல."

சந்துக்குள் வந்த யாரோ போய்ச் சொல்ல, பக்தவச்சலம் ஓடி வந்தான். குப்பம்மா எழுந்து குழாயடிக்குப் போனாள். புளியும் சாம்பலும் எடுத்து முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கணவன் தோளில் சாய்ந்திருந்த கெங்கம்மா அதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்னை ஒன்றரை மணி நேரம் பிடித்திருந்த கை அது.

மறுநாள் பக்தவச்சலம் சத்தியத்தை மீறி ராசையாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். ராசையாவுக்குக் கோபம் வந்தது. "என் அடுப்படில செத்துப் போயிருந்தா நான் யாருக்கு என்ன பதில் சொல்ல?" என்று அவளை நேரில் கூப்பிட்டுக் கேட்டார். கோபம் இறங்கின பிறகு, விடியலுக்கு முன்னால் வந்து பாகு இறக்கிவிட்டு எட்டு மணிக்குப் போய்விடு என்றார். மார்கழியானாலும் சித்திரையானாலும் அந்த நேரத்துக்கு அடுப்பு பொருந்தும். எட்டு மணிக்கு மேல் காய்ச்ச வேண்டியதைச் சுயம்பு பார்த்துக்கொள்வார். அவருக்கு மங்கியது கண்தானே, கை அல்ல.

எட்டரைக்குத் தெருவுக்கு வந்தால் குழாயடியில் கூட்டம் இருக்கும். முதல் நாள் கெங்கம்மா வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். இரண்டாம் நாள் குடத்தோடு வாசலில் நின்றாள். வரிசையிலிருந்து குப்பம்மா வந்தாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அவள் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கினாள்.

"எத்தினி?"

"ரெண்டு போதும்."

"உன் புருசன் குளிக்க வாணாமா? நாலு புடிக்கிறேன். நீ அந்த ஜில்லுல வந்து கைய வுட்டு, அப்பால நானு குந்திகினு சூடு காட்டிகினு இருக்க முடியாது. எனுக்கும் பொயப்பு கீது."

குழாயடியில் நின்றவர்கள் பார்த்தார்கள். குப்பம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் குடங்களை நகர்த்தி வழி விட்டார்கள்.

நாலு குடம் தண்ணீரையும் கொண்டுவந்து உள்ளே ஊற்றிவிட்டு அவள் திரும்பிப் போனாள். போய்க் கை கழுவினாளா என்று கெங்கம்மா பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சோறு வைக்கப் போனாள்.